கதவு திறந்த பிறகு

தமிழ் நாளிதழ்களில் மதத்துக்கென்று இரண்டு இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று வாரம் ஒருமுறை வரும் ஆன்மிக இணைப்பு. தலவரலாறு, பரிகாரம், குருப்பெயர்ச்சிப் பலன், நடுநடுவே கும்பாபிஷேக விளம்பரம். இன்னொன்று மாவட்டச் செய்திப் பக்கம். உண்டியல் உடைப்பு, சிலைக் கடத்தல், ஊர்வலத்தில் தகராறு, போலீஸ் குவிப்பு. கோயிலுக்குள் யார் போகலாம், தேர்வடத்தை யார் தொடலாம், பள்ளிவாசல் நிலத்தின் குத்தகைப் பணம் எங்கே போகிறது, கல்லறையில் யாரை எந்தப் பக்கம் புதைக்கிறார்கள் என்பதெல்லாம் இந்த இரண்டு பக்கங்களிலும் வருவதில்லை. அடிதடி நடந்தால் மட்டும் ஒருநாள் வரும். மறுநாள் காணாமல் போய்விடும்.

இதைப் பேசுவதற்காக மதுரையில் ஒரு கல்லூரிக் கருத்தரங்குக் கூடத்தில் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் கூடியிருந்தோம். மேடை கிடையாது, நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். சென்னையிலிருந்து வந்த டிவிக்காரர்கள் ஒருபக்கம், தென் மாவட்டங்களின் பகுதி நேர நிருபர்கள் ஒருபக்கம், வரலாறு, மானிடவியல், சட்டம் படித்தவர்கள் ஒருபக்கம் என்று காலையில் பிரிந்து உட்கார்ந்தவர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கலந்துவிட்டார்கள். நான் ஒரு வார இதழுக்காகத் தென் மாவட்டங்களில் செய்தி சேகரிப்பவன். அங்கே கேட்டதையும், கேட்டபோது எனக்குள் ஓடியதையும் எழுதி வைக்கத் தோன்றியது.

முதலில் பேசிய வரலாற்றுப் பேராசிரியர், மதுரையிலேயே நடந்ததிலிருந்து தொடங்கினார். 1939 ஜூலை 8. காங்கிரஸ்காரரான வைத்தியநாத ஐயர், அதுவரை உள்ளே விடப்படாத சமூகங்களைச் சேர்ந்த கக்கன் உள்ளிட்ட சிலரை அழைத்துக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குள் போன நாள். நிர்வாக அதிகாரியாக இருந்த ஆர்.எஸ். நாயுடு அவர்களை உள்ளே வரவேற்றார். ராஜாஜி அரசு அடுத்து இந்த நுழைவுக்குப் பாதுகாப்பாக ஓர் அவசரச் சட்டம் கொண்டுவந்தது, அதே ஆண்டில் அதைச் சட்டமாகவும் ஆக்கியது. இது வரைக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை 8 அன்று பத்திரிகைகளிலும் வருகிறது.

"ஒன்பதாம் தேதி என்ன நடந்ததுன்னு யாராவது எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டார் அவர்.

கோயில் அர்ச்சகர்களான பட்டர்களில் ஒரு பகுதியினர் பூசை செய்ய மறுத்தார்கள். கோயில் தீட்டுப்பட்டுவிட்டது என்றார்கள். பிரவேசத்தை எதிர்த்தவர்கள் தமிழ்ச் சங்கம் சாலையில் நடேச ஐயரின் பங்களாவில் தனியாக ஒரு மீனாட்சி கோயிலை ஏற்படுத்தி, அங்கே வழிபாடு நடத்தினார்கள். வழக்கு போட்டார்கள். வெளியேறிய பட்டர்கள் பணிக்குத் திரும்பச் சில ஆண்டுகள் ஆயின. தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் திறக்காத கோயிலுக்குள் போவதில்லை என்று இருந்த காந்தி, 1946 பிப்ரவரியில்தான் மீனாட்சியைத் தரிசிக்க வந்தார். நான் இந்த ஊரில் வளர்ந்தவன். அந்தத் தெரு வழியாக எத்தனையோ முறை சைக்கிளில் போயிருக்கிறேன். அங்கே எதிர்ப்புக்கென்றே ஒரு கோயில் நடந்தது என்பதை ஒரு செய்தித்தாளும் எனக்குச் சொன்னதில்லை.

பேராசிரியர் சொல்ல வந்தது இதுதான்: நுழைவு ஒருநாள் வேலை. அதற்குப் பிறகு ஊர் எப்படி நடந்துகொண்டது என்பதில்தான் மதமும் பொதுவாழ்வும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. பத்திரிகைகள் முதல் நாளோடு கிளம்பிவிடுகின்றன. ஆய்வாளர்களோ பத்து வருடம் கழித்து வருகிறார்கள். நடுவில் கிடக்கும் காலத்தைப் பார்த்தவர்கள் ஊர்க்காரர்கள் மட்டும்தான்.

அதற்குச் சான்றாக விழுப்புரம் மாவட்டத்து மேல்பாதியைப் பற்றி ஒரு பெண் நிருபர் பேசினார். 2023 ஏப்ரலில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவின்போது உள்ளே போன பட்டியல் சாதி இளைஞர் தாக்கப்பட்டார். வன்னியர்கள் பெரும்பான்மையாக இருக்கும் ஊர் அது. பேச்சுவார்த்தைகள் தோற்றன. ஜூன் 7 அன்று வருவாய்க் கோட்டாட்சியர் கோயிலுக்கு சீல் வைத்தார். அன்றைக்கு எல்லாச் சேனல்களின் வண்டிகளும் அங்கே நின்றன. பிறகு உயர் நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2024 மார்ச் 22 அன்று கதவு திறந்தது. ஆனால் பூசாரி மட்டும் போய் ஒருவேளை பூசை செய்துவிட்டு வரலாம், பக்தர்கள் யாரும் உள்ளே போகக் கூடாது. பட்டியல் சாதி மக்கள் போலீஸ் பாதுகாப்போடு உள்ளே போய்க் கும்பிட்டது 2025 ஏப்ரல் 17இல்.

"சீல் வைத்த நாளுக்கும் அவர்கள் உள்ளே போன நாளுக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு வருஷம். அந்த இரண்டு வருஷமும் அந்த ஊரில் கல்யாணம், சாவு, பால் ஊற்றுவது, வயல் வேலைக்குக் கூப்பிடுவது எல்லாம் எப்படி நடந்தது? அங்கே ஒரு வாரம் தங்கியிருந்தால் தெரிந்திருக்கும்" என்றார் அந்த நிருபர். அனுப்ப அலுவலகத்தில் ஆள் இல்லை, பணம் இல்லை என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அடுத்து ஒரு மானிடவியல் ஆய்வாளர் பேசினார். அன்றைய நாளில் என்னை மிகவும் பாதித்தது அவர் கொண்டுவந்திருந்த ஒரு ஜெராக்ஸ் கட்டுதான். ஒரு கிராமத்து அம்மன் கோயில் திருவிழாச் செலவுக்குக் குடும்பம் குடும்பமாக வாங்கும் வரியின் நோட்டு. ஊர்ப்பெயரை மறைத்து நகல் எடுத்திருந்தார். எங்கள் கைக்கு வந்தபோது புரட்டிப் பார்த்தேன். நீள நோட்டு. முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, நான்கு மூலைகளிலும் மஞ்சள் தடவிய கறை நகலில் சாம்பல் நிறமாக விழுந்திருந்தது. அதற்குக் கீழே தெருவாரியாகத் தலைக்கட்டுகளின், அதாவது வரி கொடுக்கும் குடும்பங்களின் பட்டியல்: பெயர், தகப்பன் பெயர், வரித்தொகை, வரவு. இறந்துபோனவர் பெயரை அடித்துவிட்டு மகன் பெயரை மேலே எழுதியிருந்தார்கள். சென்னைக்கும் திருப்பூருக்கும் குடிபோனவர்களின் பெயர்களுக்கு எதிரே செல்போன் எண். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போன இளைஞன் புதுத் தலைக்கட்டாகச் சேர்க்கப்பட்டதற்குத் தேதியோடு குறிப்பு. ஓர் ஊரின் குடிமக்கள் பதிவேடு என்று அதைத் தாராளமாகச் சொல்லலாம்.

ஊரின் ஒரு தெரு மட்டும் அந்த நோட்டில் இல்லை.

"இந்தக் கோயிலுக்குள்ள யாரையும் தடுக்கிறதில்லை. போர்டே வச்சிருக்காங்க. காலனி மக்கள் போறாங்க, கும்பிடுறாங்க, வர்றாங்க. ஆனா அவங்ககிட்ட வரி வாங்குறதில்லை" என்றார் அவர்.

கிராமத்தில் பிறந்தவர்களுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. அரங்கில் இருந்த நகரத்துக்காரர்களுக்காக அவர் விரித்துச் சொன்னார். வரி கொடுத்தவனுக்குத்தான் திருவிழாக் கூட்டத்தில் பேச உரிமை. வரி கொடுத்த தெருவுக்குத்தான் சப்பரம் வரும். வரி கொடுத்தவன்தான் கணக்குக் கேட்கலாம், விழாவில் ஒருநாளை ஏற்று நடத்தும் மண்டகப்படி கேட்கலாம், பூசாரியை மாற்றச் சொல்லலாம். சாமி கும்பிட விடுவது ஒன்று. கோயிலில் பங்காளியாக ஏற்பது வேறொன்று. சட்டம் முதலாவதை மட்டும் தெளிவாகப் பிடிக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 2015இல் செய்த திருத்தம் வழிபாட்டிடத்தில் நுழைவதைத் தடுப்பதைக் குற்றம் என்று வெளிப்படையாகச் சேர்த்தது. வரி வாங்காமல் இருப்பதை எந்தப் பிரிவில் சேர்ப்பது? ஒரு போலீஸ் நிலையத்தில் போய், "எங்களிடம் பணம் வாங்க மறுக்கிறார்கள்" என்று புகார் எழுதிக் கொடுத்தால் யார் எடுத்துக்கொள்வார்கள்?

எனக்கு அந்த நோட்டைக் கீழே வைக்க மனம் வரவில்லை. எத்தனையோ திருவிழாக்களைப் பற்றி எழுதியிருக்கிறேன். "ஊர் மக்கள் ஒற்றுமையாகக் கொண்டாடினர்" என்ற வரி இல்லாமல் எந்தத் திருவிழாச் செய்தியும் எங்கள் பத்திரிகைகளில் முடிவதில்லை. அந்த வரியை எழுதும் முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: யார் யாரிடம் வரி வாங்கினீர்கள்? செலவில்லாத கேள்வி. விழாக் கமிட்டித் தலைவரிடமே கேட்கலாம். பதிலைச் சொல்லும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்பதும் செய்திதான்.

இதைத் தொட்டு ஒரு சட்ட ஆய்வாளர், கணக்கெடுப்புகளை நம்பி மட்டும் எழுதாதீர்கள் என்று கேட்டுக்கொண்டார். அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 2021இல் வெளியிட்ட இந்திய மதங்கள் பற்றிய ஆய்வை எடுத்துக்காட்டினார். ஏறக்குறைய 30,000 பேரிடம் 17 மொழிகளில் எடுத்த பெரிய ஆய்வு அது. பட்டியல் சாதியினருக்கு எதிராக நிறையப் பாகுபாடு இருக்கிறது என்று சொன்னவர்கள் ஐந்தில் ஒருவர்தான். எல்லா மதங்களையும் மதிப்பது உண்மையான இந்தியராக இருப்பதற்கு மிக முக்கியம் என்று 84 சதவீதம் பேர் சொன்னார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அப்படித்தான் நம்புகிறார்கள். வரி நோட்டு வைத்திருக்கும் ஊரில் போய்க் கேட்டாலும், "எங்க ஊர்ல அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்க, எல்லாரும் அண்ணன் தம்பியா பழகுறோம்" என்றுதான் பதில் வரும். கேட்டதை எழுதுவதோடு நின்றால் இந்தப் பதில்தான் அச்சாகும். நோட்டைப் பார்க்க வேண்டும்.

மதியத்துக்கு முன் சூடான விவாதம் ஒன்று நடந்தது. சாதி மோதல் செய்திகளில் சாதியின் பெயரை எழுதலாமா கூடாதா என்பது. பிரஸ் கவுன்சிலின் நெறிமுறைகள், பொதுவாகச் சாதி அடையாளத்தைத் தவிர்க்கச் சொல்கின்றன. குறிப்பாக அந்தச் சாதியை இழிவுபடுத்தும் விதத்தில் வந்தால். நம் பத்திரிகைகள் அதையே பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் "இரு தரப்பினரிடையே மோதல்" என்று முடித்துவிடுகின்றன. தொண்ணூறுகளில் தென் மாவட்டங்களில் வேலை பார்த்த மூத்த பத்திரிகையாளர் ஒருவர் இந்த வழக்கத்துக்காக உறுதியாகப் பேசினார். ஒரு பெயரை அச்சடித்த மறுநாள் பக்கத்து ஊரில் பஸ் நிறுத்தப்பட்டு, இறங்கச் சொல்லிப் பெயர் கேட்ட காலம் அது என்றார். அவர் சொன்னது சும்மா இல்லை. அந்தக் கலவரங்களின் நினைவு இன்னும் இந்தப் பகுதியில் ஆறவில்லை.

ஆனால் கோயிலில் ஒருவனை அடித்து வெளியே தள்ளியதை "இரு தரப்பினர் மோதல்" என்று எழுதினால், அடித்தவனும் அடிபட்டவனும் ஒன்றாகிவிடுகிறார்கள். என் கருத்தை நானும் அங்கே சொன்னேன். நடந்தது என்னவென்று உறுதிப்படாத மோதலில், வதந்தி ஓடிக்கொண்டிருக்கும் இரவில், பெயரை எழுதாமல் இருப்பது உயிரைக் காக்கும். உரிமை மறுக்கப்பட்டது, ஆவணம் இருக்கிறது, அதிகாரிகளே ஒப்புக்கொண்டார்கள் என்ற இடத்தில் பெயரை மறைப்பது மறுத்தவர்களுக்குச் செய்யும் உபகாரம். மூத்தவர் கடைசி வரை ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிடும்போது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீங்க சொல்றது சரிதான் தம்பி, ஆனா அந்த ராத்திரியும் ஆவணம் இருக்கிற நாளும் வேற வேறன்னு டெஸ்க்ல யாரு பிரிச்சுப் பார்ப்பாங்க?" என்று கேட்டார். அது நியாயமான கேள்வி. பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்களை டெஸ்கில் வைக்க வேண்டும் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை.

இது இந்துக் கோயில்களோடு முடிகிற விஷயமும் இல்லை. எறையூர் மாதா கோயில் பங்கில் தலித் கிறிஸ்தவர்களுக்கும் வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் நடந்த தகராறில் 2008 மார்ச்சில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். திருச்சி மேலப்புதூர் கத்தோலிக்கக் கல்லறையில், செத்த பிறகும் சேராதபடி பிரிக்கும் சுவரைப் பற்றியும் பேச்சு வந்தது. அப்போது ஒரு நிருபர் எழுந்து கேட்டார்: "சர்ச் செய்தின்னா கிறிஸ்டியன் நிருபரையும், பள்ளிவாசல் செய்தின்னா என்னையும் அனுப்புறாங்க. கோயில் செய்திக்கு என்னை ஒருதடவைகூட அனுப்பினதில்லை. ஏன்?" அறையில் யாரும் உடனே வாய் திறக்கவில்லை. வேறு மதத்துக்காரர் போனால் தேவையில்லாத பிரச்சினை வரும் என்று ஆசிரியர் குழு பயப்படுகிறது. அந்தப் பயத்தில் நியாயம் கொஞ்சம் இருக்கலாம். விளைவு என்னவென்றால், அவரவர் மதத்தைப் பற்றி அவரவர்தான் எழுதுகிறார்கள், சொந்தக்காரர்களிடம் கேள்வி கேட்கிற கூச்சத்தோடு.

மதிய அமர்வில் ஏர்வாடி. நாள் முழுவதையும் இதற்கே கொடுத்திருக்கலாம் என்பது என் எண்ணம்.

2001 ஆகஸ்ட் 6, விடியற்காலை. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி தர்காவைச் சுற்றி மனநோயாளிகளுக்கென்று நடந்த தனியார் விடுதி ஒன்றில் தீப்பிடித்தது. கூரைக் கொட்டகை. உள்ளே இருந்தவர்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தது, விசாரணை ஆணையம் அமைந்தது, அந்த விடுதிகள் மூடப்பட்டு அங்கிருந்த நூற்றுக்கணக்கானோர் அரசுப் பராமரிப்புக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். எல்லாப் பத்திரிகைகளும் எழுதின. மூடநம்பிக்கை, காட்டுமிராண்டித்தனம் என்று தலையங்கங்கள் வந்தன. கோபம் சரியானதுதான். ஆனால் அவர்களை ஏர்வாடிக்குக் கொண்டுவந்து விட்ட குடும்பங்களில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். அவர்கள் ஏன் வந்தார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. தங்கள் ஊரில் மனநல மருத்துவர் இல்லை. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்றால் சென்னை. தர்கா வாசலில் யாரும் யாரையும் விரட்டவில்லை.

ஒரு மனநல மருத்துவர் இதே சமயத்தில் வந்த ஓர் ஆய்வைச் சொன்னார். 2002இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. தென்னிந்தியாவில், மனநலத்துக்குப் பேர்போன ஒரு சிறிய கோயிலில் தங்க வந்த 31 பேரை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். வந்தபோதும் கிளம்பும்போதும் நோய்க்குறிகளை ஒரே அளவுகோலில் அளந்தார்கள். சராசரியாக 20 சதவீதத்துக்கு நெருக்கமாகக் குறைந்திருந்தது. அங்கே தனியாக எந்தச் சிகிச்சையும் இல்லை. கோலம் போடுவது, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது மாதிரி சின்னச் சின்ன வேலைகள், கூடத் தங்கும் உறவினர், யாரும் ஏளனமாகப் பார்க்காத சூழல். ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு இல்லாத சிறிய ஆய்வு அது, அதை வைத்துப் பெரிதாக முடிவெடுக்க முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். சங்கிலியும் அந்தக் கோயிலும் ஒன்றல்ல என்பதைக் காட்டத்தான் எடுத்தேன் என்றார்.

பிற்பாடு ஏர்வாடியில் நடந்ததுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. குஜராத்தில் உனாவா என்ற ஊரின் மீரா தாதார் தர்காவில் 2008 வாக்கில் தொடங்கிய தவா-துவா என்ற ஏற்பாட்டைத் தமிழ்நாடு அரசு ஏர்வாடிக்குக் கொண்டுவந்தது. மருந்தும் பிரார்த்தனையும் ஒரே இடத்தில். தர்கா வளாகத்திலேயே மனநல மருத்துவர் உட்கார்ந்து பார்ப்பார், மாத்திரை கொடுப்பார். தர்காவுக்குப் போகாதே என்று யாரும் சொல்வதில்லை. 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை முற்றாகத் தடை செய்திருக்கிறது. சட்டம் ஒருபக்கம், நம்பிக்கை ஒருபக்கம், நடுவில் ஒரு மேசையும் மருந்துச் சீட்டும். மதம் பொதுவாழ்வில் என்ன செய்யலாம், அரசு அதனோடு எப்படிப் பேசலாம் என்பதற்கு எங்கள் பகுதியில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியாது. தீப்பிடித்ததற்குக் கிடைத்த இடத்தில் நூறில் ஒரு பங்காவது இதற்குத் தமிழ்ப் பத்திரிகைகளில் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆகும் விஷயத்தைச் சுருக்கமாகத்தான் பேசினார்கள், நேரம் இல்லை. அதிலும் இதே கதைதான். பரம்பரை அர்ச்சகர் முறையை ஒழித்த 1970ஆம் ஆண்டுத் திருத்தம், அந்தத் திருத்தத்தைப் பற்றி 1972இல் உச்ச நீதிமன்றம் தந்த சேஷம்மாள் தீர்ப்பு, எல்லாச் சாதியினரும் அர்ச்சகர் ஆகலாம் என்ற 2006 அரசாணை, ஆறு பயிற்சிப் பள்ளிகள், படித்து முடித்த இருநூற்றுச் சொச்சம் பேர், வழக்கு, 2015 டிசம்பர் தீர்ப்பு, 2021 ஆகஸ்ட் 14 பணி நியமனம். ஒவ்வொரு தேதியிலும் ஒரு பெரிய செய்தி உண்டு. படித்துவிட்டு வேலை இல்லாமல் காத்திருந்த அந்த வருடங்களில் அந்த இளைஞர்கள் என்ன செய்து பிழைத்தார்கள், நியமனமானவர்களைக் கருவறையில் விடுகிறார்களா, தட்டை ஏந்தி வெளியே நிற்கச் சொல்கிறார்களா என்று கோயில் கோயிலாகப் போய்ப் பார்த்து எழுத வேண்டிய வேலை பாக்கி இருக்கிறது.

மாலைத் தேநீருக்குப் பிறகு, அதுவரை பேசாமல் இருந்த ஒரு பகுதி நேர நிருபர் பேசினார். சிறிய ஊரில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருக்கிறார். செய்திக்கும் படத்துக்கும் பத்திரிகை தருவது பெட்ரோலுக்குப் போதாது. விளம்பரக் கமிஷன்தான் வருமானம். திருவிழாச் சிறப்பிதழுக்கும் கும்பாபிஷேகத்துக்கும் விளம்பரம் கொடுப்பவர்கள் விழாக் கமிட்டிக்காரர்கள்.

"அந்த நோட்டை நீங்க காட்டுனப்போ எனக்கு ஒண்ணும் புதுசா தெரியலை மேடம்" என்று மானிடவியல் ஆய்வாளரைப் பார்த்துச் சொன்னார். "எங்க ஊர் நோட்டுல என் பேரு இருக்கு. எங்கப்பா பேரை அடிச்சுட்டு என் பேரை எழுதினாங்க. காலனிக்காரங்க பேரு அதுல இல்லைன்னு எனக்குச் சின்ன வயசுலேருந்து தெரியும். நான் எழுதினா அடுத்த நாள் என் கடைக்கு யாரும் வரமாட்டாங்க. என் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊர் வராது. நீங்க எல்லாம் எழுதிட்டுப் போயிடுவீங்க. நான் அங்கதான் இருக்கணும்."

அவரைக் கோழை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அன்று அந்தக் கூடத்தில் பேசியவர்களிலேயே மிக நேர்மையாகப் பேசியவர் அவர். புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்த கொடுமை வெளியே வந்தபோது, விசாரிக்கப் போன மாவட்ட ஆட்சியர் கவிதா ராமு, பக்கத்தில் இறையூர் அய்யனார் கோயிலுக்குள் பட்டியல் சாதி மக்களை விடுவதில்லை என்று அறிந்து, அங்கேயே அவர்களைக் கோயிலுக்குள் அழைத்துப் போனார். டீக்கடையில் இரட்டைக் குவளை இருப்பதும் அப்போதுதான் பதிவானது. ஆட்சியர் ஒரே நாளில் கண்டுபிடித்ததை அந்த வட்டாரத்துச் செய்தியாளர்கள் அத்தனை வருடமும் பார்க்காமலா இருந்தார்கள்? பார்த்திருப்பார்கள். இந்த நண்பரைப் போலவே பார்த்திருப்பார்கள்.

அதனால் தைரியமாக எழுதுங்கள் என்று அவருக்கு உபதேசம் செய்வதில் பயன் இல்லை. எழுதுகிறவனையும் அந்த ஊரில் வாழ்கிறவனையும் பிரித்துவிட வேண்டும் என்பதுதான் அங்கே எட்டிய ஒரே உருப்படியான யோசனை. தென் மாவட்ட நிருபர்கள் சிலர் ஒன்றுசேர்ந்து மாவட்டம் மாற்றி எழுதுவது. சிவகங்கைக்காரர் சொல்லும் தகவலை வைத்து விருதுநகர்க்காரர் போய்ப் பார்த்து, தன் பெயரில் எழுதுவார். விருதுநகரில் இருப்பதைத் தேனிக்காரர் எழுதுவார். தகவல் கொடுத்தவர் பெயர் எங்கும் வராது. ஆய்வாளர்கள் பங்குக்கு, பழைய வழக்குகளின் எண், தீர்ப்பு, அறநிலையத் துறை உத்தரவு, கோயிலின் பழைய மரியாதைப் பட்டியல் ஆகியவற்றை எடுத்துக் கொடுப்பார்கள். நிருபரால் ஒரே நாளில் தேட முடியாதவை அவை. அவர்கள் அலமாரியில் வருடக்கணக்காகத் தூங்குகிறவை.

செலவுக்கு யார் பணம் தருவது என்பது முடிவாகவில்லை. வார இதழில் எனக்கு ஆசிரியர் அனுமதி கொடுத்துவிட்டதால் முதல் கட்டுரை என் பொறுப்பில் வந்திருக்கிறது. கண்டதேவி போகப் போகிறேன். சிவகங்கை மாவட்டத்துச் சொர்ணமூர்த்தீஸ்வரர் கோயில். தேர்வடம் பிடிப்பதில் பட்டியல் சாதி மக்களுக்குப் பங்கு கேட்டு 1998இல் எழுந்த பிரச்சினையில், வழக்கும் தடையுமாக ஓடி, தேர் பல ஆண்டுகள் ஓடாமலே நின்றது. 2024 ஜூனில், நூற்றுக்கணக்கான போலீஸ் பாதுகாப்போடு, மறுபடி ஓடியது. உஞ்சனை, செம்பொன்மாரி, இரவுசேரி, தென்னிலை என்ற நான்கு நாடுகளின், அதாவது ஊர்த் தொகுதிகளின், தலைவர்களான நாட்டார்களுக்கு அங்கே மரியாதை உண்டு. தேர் ஓடிய நாளைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் ஆனித் திருவிழா முடிந்து, பந்தல் பிரித்து, போலீஸ் வேன்கள் போன பிறகு போவதாகத் திட்டம். மானிடவியல் ஆய்வாளர் கேள்விகளை எழுதித் தந்திருக்கிறார். தேர்வடத்தைப் பிடிக்க வந்தவர்களின் பட்டியலை யார் தயாரித்தது, அதில் பெயர் கொடுத்தவர்களை அதற்குப் பிறகு வேலைக்குக் கூப்பிடுகிறார்களா, அடுத்த வருடக் கூட்டத்துக்குத் தகவல் சொன்னார்களா, வரி கேட்டார்களா. கடைசிக் கேள்விக்குக் கீழே அவரே கோடு போட்டிருக்கிறார்.